வாயில் அடைபட்டது, வீடு அழியவில்லை



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, ஓல்னே-சூ-புவாவில் எமது வீட்டிலுள்ள பழைய மடிக்கணனி, கறுத்த திரையில் ஆங்கில வரியொன்றைக் காட்டிவிட்டு வாளாவிருந்தது. 'அத்தகைய பகுதி இல்லை' என்பது அவ்வரியின் பொருள். அதன் கீழே 'குறப் ரெஸ்கியூ' என்னும் இரு சொற்கள் மட்டும் நின்றன.

அயலில் வாழும் மூதாட்டி ஒருவரின் காணி உறுதி அக்கணனியுள் இருந்தது. வலிகாமம் வடக்கிலுள்ள அக்காணியின் மூல உறுதி இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. முன்னர் நாம் எடுத்துவைத்த ஒளிவருடிப் படியே எஞ்சியது. உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தாற்றான் காணிப் பதிவகத்திற் தேடலாம் என்று அவரது தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து கேட்டிருந்தார்.

கணனியைக் காவிக்கொண்டு புகையிரதமேறி, கார் து நோரில் இறங்கி, லா சப்பலில் ஒரு கடைக்குச் சென்றோம். "மாஸ்ரர், போர்மற் அடிச்சாச் சரிவரும்" என்றார் இளைஞர். "உள்ளே இருப்பவை?" என்றோம். "அது போயிடும்" என்றார். கணனியுடன் வீடு திரும்பினோம்.

பழுதுக்கு வழிவகுத்தவர்கள் நாமே. 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதி விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு முடிவுற்றதால், லினக்ஸை மட்டுமே வைத்துக்கொள்ள எண்ணினோம். முன்னர் விண்டோஸ் பயன்படுத்திய வன்தட்டுப் பகுதியொன்றை அழிக்குமாறு எம்மிடம் தமிழ் கற்கும் மாணவனிடம் கூறினோம். அவனும் பிழையின்றி அழித்தான். ஆயினும் அழிக்கப்பட்டது ஐந்தாம் பகுதி; ஆறாம் பகுதியிலிருந்த லினக்ஸ் அக்கணமே ஐந்தாம் இலக்கத்தைப் பெற்றுவிட்டது. பழைய முறை வன்தட்டுகளில் உட்பகுதிகளின் இலக்கம் இவ்வாறு மாறும்.

இங்குதான் துவக்கியின் பணியை அறிதல் வேண்டும். வன்தட்டின் முதற்கூறு 512 பைற்று அளவினது. அதில் 446 பைற்றுகளே துவக்கிக்கு உரியவை. எஞ்சியவற்றிற் பெரும்பங்கு பகுதி அட்டவணைக்குரியது. இத்துணைச் சிறிய இடத்தில் முழு நிரலும் அடங்காது. ஆதலால், 1995 இல் தோன்றிய குறப் என்னும் துவக்கி, முதற்படியை அங்கு வைத்து, அடுத்ததை அதன் பின்னுள்ள இடைவெளியில் வைத்து, எஞ்சியதை லினக்ஸ் பகுதியினுள் வைக்கின்றது. எமது துவக்கி ஆறாம் இலக்க வீட்டைத் தேடியது. அவ்விலக்கத்தில் வீடில்லை. உள்ளிருந்த கோப்பு எதுவும் அழியவில்லை.

'எல்', 'எஸ்' என்னும் ஈரெழுத்துக்களைத் தட்டினோம். பகுதிகள் வரிசையாகத் தோன்றின. ஐந்தினுள் 'பூட்', அதனுள் 'குறப்' என்னும் கோப்புறைகள் இருப்பதை அதே கட்டளையாற் கண்டோம். 'செற் பிரிபிக்ஸ்' என்னும் கட்டளையால் புதிய இருப்பிடத்தை அறிவித்து, 'இன்ஸ்மொட் நோர்மல்', 'நோர்மல்' என அடுத்தடுத்துத் தட்டினோம். தெரிவுப் பட்டியல் வந்தது, லினக்ஸ் எழுந்தது.

பிரான்சில் வாழ்வோர் ஒன்றை நினைவிற் கொள்க. அந்நிலையில் குறப் அமெரிக்க விசைப்பலகையையே அறியும். ஆகவே பிரெஞ்சு விசைப்பலகையில் 'ஏ' வேண்டின் 'கியூ'வையும், 'எம்' வேண்டின் காற்புள்ளியையும், சாய்கோடு வேண்டின் வியப்புக்குறியையும் தட்டுதல் வேண்டும். இதை அறியுமுன் எமக்கு ஒரு மணி நேரம் வீணாயிற்று.

லினக்ஸ் எழுந்தமை தற்காலிகத் தீர்வே. உபுண்டு, மின்ற் போன்றவற்றில் 'குறப்-இன்ஸ்டோல்' கட்டளையை வன்தட்டு முழுவதற்குமாக இயக்கி, பின்னர் 'அப்டேற்-குறப்' கட்டளையையும் இயக்கினாற்றான் அடுத்த முறையும் வாயில் திறக்கும். புதிய கணனிகளில் துவக்கி தனியான சிறு பகுதியில் ஒரு கோப்பாக இருப்பதால் வழி சற்று வேறுபடும்.

உங்கள் வீட்டுப் பழைய கணனி எழ மறுத்தால், முதலில் நினைவுக்குச்சி ஏதும் செருகியிருக்கின்றதா எனப் பாருங்கள். திகதி தவறாயிருப்பின் உள்ளிருக்கும் நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருக்கலாம். துவங்கும் ஒழுங்கும் அதனால் மாறக்கூடும். பின்னர் திரையிலுள்ள வரியைத் தாளில் எழுதுங்கள். உள்ளிருப்பவற்றைப் படியெடுக்கும் வரை எவரையும் போர்மற் செய்ய விடாதீர்கள். நினைவுக்குச்சியிலிருந்து லினக்ஸை இயக்கினால் பெரும்பாலும் கோப்புகளைப் படியெடுத்துவிடலாம்.

அன்று மாலையே உறுதியின் படி யாழ்ப்பாணம் சென்றது. மூதாட்டி திரையருகே அமர்ந்து, தம் தகப்பனாரின் கையொப்பத்தை நெடுநேரம் பார்த்திருந்தார். ஒரே கணனியில் ஒரே படியை வைத்திருந்த எமது அசட்டையை எண்ணி நாணினோம். இப்போது இரண்டு வெளித்தட்டுகளிற் படிகள் உள்ளன. ஒன்று எம்மிடம்; மற்றையது லா சப்பலில் நண்பர் வீட்டில்.