வாலில் இருக்கு வரலாறு!

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனா என்ன பண்ணுவீங்க? தூங்குவீங்க. அம்மா திட்டினதும் திரும்பிப் படுத்துத் தூங்குவீங்க. நான் இந்தத் தடவை ஒரு போர் விமானம் செய்தேன். அதுவும் கொல்லிமலையில, எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து!

பயப்படாதீங்க, நீளம் 22 சென்டிமீட்டர்தான். காலேஜ் திறந்த அன்னிக்கே டிபார்ட்மென்ட் எக்ஸிபிஷன். ராக்கெட், ரோபோன்னு எல்லாரும் அதே பாட்டைப் பாட, நாம வித்தியாசமா ஏதாவது செய்யலாமேன்னு 'எச்.எஃப்.24 மாருத்' விமானத்தைப் பிடிச்சேன். இந்தியாவில் உருவான முதல் ஜெட் போர் விமானம். ஜெர்மன் டிசைனர் கர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரு எச்.ஏ.எல். உருவாக்கியது. 1961 ஜூன் 17-ம் தேதி சுரஞ்சன் தாஸ் அதை முதன்முதலாகப் பறக்கவிட்டார். மாருதம்னா காற்று. பேரே எவ்வளவு அம்சமா இருக்கு பாருங்க!

எங்க மலையில் மிளகுக்கொடி ஏத்த சில்வர் ஓக் மரம் வைப்பாங்க. தச்சுப்பட்டறையில் கிடந்த அந்த மரத்துண்டுதான் என் மெட்டீரியல். "மரத்துல ப்ளேனாடா?"ன்னு அம்மா சிரிச்சாங்க. நிஜ மாருத்தே உலோகத்துக்கு வர்றதுக்கு முன்னாடி, முழு அளவு மர கிளைடராத்தான் 1959-ல் பறந்தது. டகோட்டா விமானம் ஒண்ணு அதைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போய் வானத்தில் விட்டது. இதைச் சொன்னதும் அம்மா அடுத்த காபியே கொடுத்துட்டாங்க!

அளவு 1/72. கணக்கு சிம்பிள்தான். நிஜத்தில் இறக்கையின் அகலம் 9 மீட்டர், மாடலில் 125 மில்லிமீட்டர். நீளம் 15.87 மீட்டர், மாடலில் 220 மில்லிமீட்டர். இதில் நீங்க 1 மில்லிமீட்டர் தப்பு பண்ணினா நிஜத்தில் அது 7 சென்டிமீட்டருக்கும் மேல. அதனால ஸ்கேலும் உப்புத்தாளுமா ரெண்டு வாரம் உயிரை விட்டேன்.

எல்லாம் முடிஞ்சதும் பார்த்தா வால் பக்கம் சப்புன்னு இருந்தது. ரெண்டு சின்ன ஓட்டை, அவ்வளவுதான். ஹாலிவுட் படத்தில் வர்ற ஜெட்டெல்லாம் பின்னாடி நெருப்பைக் கக்கிக்கிட்டுப் போகுதே! கூல்டிரிங்க்ஸ் டின்னை வெட்டி, பூ இதழ் மாதிரி மடிச்சு, பெரிய ஆஃப்டர்பர்னர் குழாய் ரெண்டு ஒட்டினேன். உள்ளே ஆரஞ்சு பெயின்ட். அடிப்பலகையில் 'மாருத் - 1971 போர்'னு எழுதி முடிச்சப்ப... சும்மா அதிருதில்ல!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைத் தூக்கிக்கிட்டு எங்க ஊர் 'ஏர்ஃபோர்ஸ் தாத்தா' வீட்டுக்குப் போனேன். வயது எழுபத்தைந்துக்கு மேல். விமானப்படையில் இன்ஜின் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மூக்கு, இறக்கை, மூவர்ண வட்டம் எதையும் அவர் பார்க்கலை. மாடலைக் கையில் வாங்கினதும் திருப்பி வாலைத்தான் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவே இல்லை.

"கண்ணு, இது நாங்க ஆசைப்பட்ட மாருத். சண்டைக்குப் போன மாருத் இது இல்ல."

எனக்குப் புரியலை. அப்புறம் அவரே சொன்னார். ஜெட் இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான காற்றில் இன்னும் கொஞ்சம் எரிபொருளைப் பீய்ச்சி எரிச்சா கூடுதல் உந்துவிசை கிடைக்கும். அதுதான் ஆஃப்டர்பர்னர். ஒலியைப்போல ரெண்டு மடங்கு வேகத்தில் பறக்கணும்னுதான் மாருத்தை வடிவமைச்சாங்க. அதுக்காக நம்பியிருந்தது ஆஃப்டர்பர்னரோடு வரவேண்டிய ஒரு பிரிட்டிஷ் ஆர்ஃபியஸ் இன்ஜினை. அதை உருவாக்கி முடிக்கும் செலவை பிரிட்டனும் ஏத்துக்கலை, நாமும் ஏத்துக்கலை. கடைசியில் ஆஃப்டர்பர்னர் இல்லாத ஆர்ஃபியஸ் 703 இன்ஜின் ரெண்டைத்தான் பொருத்தினாங்க. உடம்பு புலிக்கு, கால் பூனைக்குன்னு ஆகிப்போச்சு!

அந்தக் குறையைச் சரிசெய்ய முயற்சி நடக்காமல் இல்லை. ஆஃப்டர்பர்னர் பொருத்திய சோதனை விமானமும் இருந்தது. 1970 ஜனவரி 10-ம் தேதி அதை ஓட்டிப் பார்க்கும்போதுதான் விபத்தில் சுரஞ்சன் தாஸ் இறந்துபோனார். பெங்களூரில் எச்.ஏ.எல். பக்கம் போயிருந்தா 'சுரஞ்சன் தாஸ் ரோடு'ங்கிற பலகையைப் பார்த்திருப்பீங்க. அவர்தான் இவர்.

நான் கூல்டிரிங்க்ஸ் டின்னில் வெட்டி ஒட்டினது ஒரு மனுஷன் உயிரைக் கொடுத்தும் கிடைக்காத பொருள்னு அப்பதான் உறைச்சது.

இருந்தாலும் விடுவேனா? "எக்ஸிபிஷனுக்கு வர்ற யாருக்கு இதெல்லாம் தெரியப்போகுது தாத்தா?"

"தெரியாதவங்க பார்க்கறதாலதான் கண்ணு சரியா செய்யணும். உன் பொம்மையைப் பார்த்துட்டு அதையே நிஜம்னு நினைச்சுக்கிட்டுப் போயிடுவாங்கல்ல?"

திரும்பி வர்ற வழியில் செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை. ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்புன்னு அத்தனையையும் துளைச்சதா சங்கப்பாட்டு சொல்ற அதே ஓரி. அவரை யாரும் போட்டோ எடுக்கலை. மீசை இப்படித்தான் இருக்கும்னு சிற்பி கற்பனை பண்ணிக்கலாம், தப்பே இல்லை. ஆனா மாருத்துக்குப் போட்டோ இருக்கு, அளவு இருக்கு, அதைத் தொட்டு வேலை பார்த்த தாத்தாக்கள் இருக்காங்க. அங்கே நான் எதுக்குக் கற்பனை பண்ணணும்?

தவிர, அந்தச் சப்பை வால்தானே உண்மையான கெத்து? ஆசைப்பட்ட இன்ஜின் கிடைக்காமலே 1971 போரில் மாருத் ராஜஸ்தான் எல்லையில் சண்டை போட்டது. வான்சண்டையில் எதிரி விமானத்திடம் ஒரு மாருத்கூட விழவில்லை. நெருப்பை ஒட்டி வெச்சா அந்தக் கதையே காணாமப் போயிடும்.

ராத்திரி உட்கார்ந்து வாலை வெட்டினேன். ஒட்டியிருந்த டின் துண்டு 6 மில்லிமீட்டர். 72-ஆல் பெருக்குங்க: 43 சென்டிமீட்டர் பொய்! அந்த இடத்தில் காலியான ஸ்கெட்ச் பேனா குழாய் ரெண்டு துண்டு. ஸ்கேல் வெச்சுப் பார்த்தா சரியா 220.

நீங்களும் மாடல் செய்யப் போறீங்களா? 'மாருத்'னு பொதுவா ஆரம்பிக்காதீங்க. எந்த விமானம், எந்த வருஷம்னு முதலில் முடிவு பண்ணுங்க. ஆரம்ப கால மாருத்தின் வெள்ளி நிறம் வேற, போர்க்கால வண்ணம் வேற. பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா மியூசியத்தில் நிஜ மாருத் நிக்குது. ஜெர்மனியில் ஷ்லைஸ்ஹைம் மியூசியத்திலும் ஒண்ணு இருக்கு. போய் வடிவத்தைப் பாருங்க. பெயின்ட்டை மட்டும் அப்படியே நம்பாதீங்க, மியூசியத்துக்கு வந்தபிறகு புதுசா அடிச்சிருக்கலாம். பழைய போட்டோ கையில் இருக்கட்டும். ஆஃப்டர்பர்னர்தான் வேணும்னா தாராளமா வைங்க. ஆனா அடிப்பலகையில் 'சோதனை விமானம்'னு எழுதிடுங்க. தப்பு என் டின்னில் மட்டும் இல்லை, நான் எழுதின '1971'லயும் இருந்தது.

திங்கட்கிழமை முதல் பஸ். 70 கொண்டை ஊசி வளைவையும் மடியில் மாருத்தோடு இறங்கினேன். இறக்கை உடையலை, சாமி புண்ணியம்! பரிசு? ரோபோவுக்குப் போச்சு, விடுங்க. ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருத்தன் மட்டும் குனிஞ்சு வாலைப் பார்த்துட்டுக் கேட்டான்:

"அண்ணா, இதுல நெருப்பு வராதா?"

"வராதுடா. ஏன் தெரியுமா..."ன்னு அவனைப் பக்கத்தில் உட்கார வெச்சேன். அவன் எழுந்து போறப்ப லஞ்ச் பெல் அடிச்சிருந்தது!