இடிக்காமல் திரும்ப எத்தனை வழி?

காலை நேரம், கவரைப்பேட்டையில் சென்னை போகும் மின்சார ரயிலில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறியிருக்கிறீர்களா? நின்ற இடத்தில் தோளைக் கொஞ்சம் திருப்பலாம், இடுப்பைக் கொஞ்சம் திருப்பலாம். இஷ்டத்துக்குத் திரும்பினால் முழங்கை பக்கத்து ஆளின் விலாவில் இடிக்கும். எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பலாம் என்று நம்மை அறியாமலே ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறோம்.

உடம்பில் இருக்கும் புரதத்துக்கு இதே கணக்கைப் போட்டு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தவர் ஜி.என்.ராமச்சந்திரன். அந்தக் கணக்குப் பிறந்த இடம் நம் சென்னை.

1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். அப்பா கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் சேர்ந்தார். அங்கே அவரைத் தன் இயற்பியல் துறைக்கு இழுத்துக்கொண்டவர் சர் சி.வி.ராமன். பிறகு கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம். 1952-ல், முப்பது வயதை ஒட்டி, சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரானார். அழைத்தவர் துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார்.

அவர் கையில் எடுத்தது கொலாஜன். இன்று பவுடராகவும் க்ரீமாகவும் விளம்பரத்தில் வருகிறதே, அதேதான். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் வலு கொடுக்கும் புரதம். அதன் வடிவம் என்ன என்று அப்போது யாருக்கும் தெளிவாகத் தெரியாது. கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ்ரே படம் எடுத்து, ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் விடையைக் கண்டார்கள். மூன்று இழைகள், பெண்கள் பின்னும் சடைபோல ஒன்றையொன்று சுற்றிக் கிடந்தன. 1954-ல் அது ‘நேச்சர்’ இதழில் வெளியானது. மறு வருஷமே அந்த வடிவத்தை இன்னும் திருத்தி எழுதினார்கள்.

அங்கேதான் சிக்கல். டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், “இந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன” என்று ஆட்சேபித்தார்கள். ஒரு விவரத்தில் அவர்கள் சொன்ன திருத்தம் நிலைத்தது. ஆனால், மூன்று இழை என்ற அடிப்படை, சென்னையில் சொன்னதுதான்.

வேறொருவராக இருந்தால் பதிலுக்குப் பதில் எழுதிச் சண்டை போட்டிருப்பார். ராமச்சந்திரன் ஒரு கேள்வி கேட்டார்: ‘சரி, இரண்டு அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்?’

ஏற்கெனவே வெளியான படிக ஆய்வுகளையெல்லாம் புரட்டி அந்தத் தூரங்களைத் திரட்டினார்கள். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடங்களில் திரும்பும், ரயிலில் நிற்பவரின் தோளும் இடுப்பும்போல. எந்தக் கோணத்தில் திரும்பினால் இடிக்கும், எதில் இடிக்காது? இன்றைய கணினி வசதி இல்லாத காலத்தில் ஒவ்வொரு கோணமாகக் கணக்குப் போட்டார்கள். சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் இருவரும் உடனிருந்தார்கள். 1963-ல் வந்தது அந்த வரைபடம். பெரும்பகுதி ‘இடிக்கும்’ இடம். சில தீவுகள் மட்டுமே ‘இடிக்காத’ இடம். உலகம் அதற்கு வைத்த பெயர் ‘ராமச்சந்திரன் பிளாட்’.

இன்றும் ஒரு புதிய புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்ததாக யார் சொன்னாலும், அது சரிதானா என்று முதலில் ஒட்டிப் பார்ப்பவற்றில் இந்த வரைபடமும் ஒன்று. புதிய மருந்து தேடும் ஆய்வுக்கூடங்களிலும் இது புழங்குகிறது.

1970-ல் அவர் சென்னையை விட்டு பெங்களூரு போய், அங்கும் ஒரு துறையைத் தொடங்கி வளர்த்தார். லண்டன் ராயல் சொசைட்டி 1977-ல் உறுப்பினராக்கியது. நோபல் மட்டும் கடைசிவரை வரவில்லை. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார்.

உயிர்வேதியியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பாடப்புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். புரதம் பற்றிய பக்கங்களில் இந்தப் பெயர் இருக்கும். ‘உன் கணக்கு இடிக்கிறது’ என்று ஒருவர் சொன்னபோது, கோபப்படாமல் உட்கார்ந்து அளந்து பார்த்தவரின் பெயர் அது.