நாட்டு நெல்லுக்கும் குலை நோய் வரும்

போன தை மாதம் என் சீரகச் சம்பா ஒரு ஏக்கர் கழுத்துக் குலையில் போயிற்று. கதிர் வந்து பால் பிடிக்கிற நேரம். ராத்திரியெல்லாம் பனி. கதிரின் கழுத்து கறுத்து ஒடிந்தது, மணியெல்லாம் பதர். பன்னிரண்டு மூட்டை எதிர்பார்த்தேன், நாலு தேறியது.

நம் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு நண்பர், “நாட்டு நெல்லுக்கு நோயே வராதே சார், நீங்க ஏதோ தப்பு பண்ணிட்டீங்க” என்றார். பண்ணினேன்தான். பயிர் வெளுத்திருக்கிறதே என்று கோழி எருவை அள்ளிக் கொட்டினேன். தழைச்சத்து கூடினால் குலை நோய்க்குக் கொண்டாட்டம். ஆனால் ‘நாட்டு நெல்லுக்கு நோயே வராது’ என்று நாம் மேடைக்கு மேடை பேசுவதும் தப்புதான். அதை நம்பி இறங்குகிற புது விவசாயி ஒரே போகத்தில் மருந்துக் கடைக்குத் திரும்பிப் போய்விடுவார்.

1919-லேயே தஞ்சை டெல்டாவில் குலை நோய் பெரிதாகத் தாக்கியிருக்கிறது. அன்றைக்கு வயலில் யூரியாவும் இல்லை, குட்டை ரகமும் இல்லை. பிறகு கோவையில் நோய் தாங்குகிற கோ 4 ரகத்தை அடையாளம் கண்டு, அதை ஆடுதுறை 10-உடன் ஒட்டி கோ 25 கொண்டுவந்தார்கள். சில நெல் தாங்கும், சில தாங்காது. நாட்டு நெல்லா, ஆராய்ச்சி நெல்லா என்பதில் இல்லை விஷயம்.

தாங்குவதிலும் இரண்டு விதம் உண்டு. (மரபணு என்றதும் மரபணு மாற்றுப் பயிர் என்று பதற வேண்டாம். நான் சொல்வது நெல்லிலேயே இயற்கையாக இருப்பது.) முதல் விதத்தில் ஒரே மரபணு காவல் நிற்கிறது. வியட்நாமின் டெடெப், பிலிப்பைன்ஸின் டடுகன் போன்ற பழைய நெல்லிலிருந்து இப்படிப்பட்டவற்றை எடுத்திருக்கிறார்கள். எங்கள் வங்கி வாட்ச்மேனிடம் ஒரு திருடன் போட்டோவைக் கொடுத்து வைத்தது மாதிரி. அந்த முகம் வந்தால் உடனே பிடிப்பார். திருடன் மீசையை எடுத்துவிட்டு வந்தால் சலாம் போட்டு உள்ளே விட்டுவிடுவார். பூஞ்சாணமும் அதைத்தான் செய்கிறது. தன்னைக் காட்டிக்கொடுக்கிற ஒரு புரதத்தை மாற்றிக்கொள்கிறது, இல்லையென்றால் விட்டுவிடுகிறது. ஊரெல்லாம் அதே ரகம் இருந்தால், சில வருஷத்தில் ரகம் விழுந்துவிடும்.

இரண்டாவது விதம் மெதுவானது. இலையில் புள்ளி வரும், ஆனால் பரவாது. ஜப்பானின் மேட்டு நில நெல்லில் இப்படி ஒரு குணம் வெகுகாலமாக நிலைத்து நின்றது. அதோடு சோற்று ருசியைக் கெடுக்கிற குணமும் ஒட்டியே வந்ததால் புது ரகங்களுக்குக் கொண்டுபோக முடியவில்லை. 2009-ல்தான் பக்கத்து பக்கத்தில் இருந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். மரபணுவின் பெயர் பிஐ21.

என் வரப்புக்கு அந்தப்பக்கம் கிச்சிலிச் சம்பா நின்றது. அதிலும் இலையில் கண் மாதிரிப் புள்ளி இருந்தது, கழுத்து ஒடியவில்லை. இந்தத் தகவலை நம் விதைக் காப்பாளர்கள் யாராவது எழுதி வைக்கிறோமா? வயது, உயரம், அரிசி நிறம், மருத்துவ குணம் எல்லாம் எழுதுகிறோம். எந்த வருஷம், எந்தப் பனியில், எத்தனை கதிர் ஒடிந்தது என்று ஒரு வரி கிடையாது.

இன்னொன்று. நெல் திருவிழாவில் எல்லோரும் கேட்பது கருப்புக் கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும்தான். விலை கிடைக்கிறது, சரி. வங்கியில் மொத்தக் கடனையும் ஒரே தொழிலுக்குக் கொடுத்தால் ஆடிட்டர் சும்மா விடமாட்டார். நாட்டு ரகம் என்ற பெயரில் ஊர் முழுக்க ஒரே நெல்லை நட்டால் பூஞ்சாணத்துக்கு அதுவும் ஒரே தீனிதான்.

சீனாவின் யுன்னானில் 1998, 1999-ல் ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒன்று செய்தார்கள். நோய் தாங்கும் குட்டை நெல் வரிசைகளுக்கு நடுவே, நோய்க்கு ஆளாகிற உயரமான பசை நெல்லை ஒவ்வொரு வரிசையாக நட்டார்கள். தனியாக நட்டதைவிடப் பசை நெல்லில் குலை நோய் 94 சதம் குறைந்தது, விளைச்சல் 89 சதம் கூடியது. இரண்டாம் வருஷ முடிவில் பூஞ்சாண மருந்தே அடிக்கவில்லை.

இந்தச் சம்பாவில் அரை ஏக்கரில் நாலு வரிசை கிச்சிலிச் சம்பாவுக்கு ஒரு வரிசை சீரகச் சம்பா நடப்போகிறேன். வயது வித்தியாசத்துக்காகச் சீரகச் சம்பாவைப் பத்து நாள் பிந்தி நாற்று விடுகிறேன். அறுப்பு கையால்தான், மெஷின் இறக்க முடியாது, கூலி இடிக்கும். விதைக்கு எடுக்கிற பாத்தி தனி. கோழி எரு இந்த முறை கிடையாது.