மோடத்தின் இரண்டு வேகங்கள்

டயல்-அப் மோடத்தில் வேகம் இரண்டு. கணினியின் சீரியல் போர்ட்டுக்கும் மோடத்துக்கும் இடையே ஒன்று. தொலைபேசிக் கம்பியில் இன்னொன்று. இணைப்பு கிடைத்ததும் திரையில் 115200 என்று வந்து மனத்தைக் குளிர்விப்பது பெரும்பாலும் முதல் வேகம்தான். கம்பியின் வேகத்தைக் காட்டும்படி மோடத்துக்குக் கட்டளையிட்டால் 28800, 26400 என்று உண்மை வெளிவரும்.

ஆனாலும் போர்ட்டை 115200-இல் வைப்பதே சரி. வி.42பிஸ் முறை எழுத்துக் கோப்பை நான்கில் ஒரு பங்குவரை சுருக்கி அனுப்பும். மறுமுனையில் அது விரியும். கம்பியில் நொடிக்கு 28,800 பிட்டாக வருவது விரிந்தால் 115,200 ஆகலாம். போர்ட் 38,400-இல் இருந்தால் அந்த லாபம் வாசலோடு நின்றுவிடும். ஜிப் கோப்புக்கு இந்த லாபமும் இல்லை. பிழிந்த துணியில் இன்னும் எவ்வளவு தண்ணீர் வரும்?

போர்ட் 115200-இல் இருந்தால் நொடிக்கு 11,520 பைட் வந்து குவியும். சீரியல் போர்ட்டைக் கவனிக்கும் பழைய 8250, 16450 சில்லுகள் ஒரு பைட்டைத்தான் பிடித்துவைக்கும். கணினி அதை எடுக்கத் தாமதித்தால் அடுத்தது வந்து அதன்மேல் விழும். 16550ஏ சில்லில் 16 பைட்டுக்கு இடமுண்டு. வெளியே வைக்கும் மோடம் வாங்குபவர் மோடத்தின் விலையைப் பார்ப்பதோடு தன் கணினியில் எந்தச் சில்லு இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

'கொஞ்சம் பொறு' என்று மோடமும் கணினியும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள ஆர்டிஎஸ், சிடிஎஸ் என்ற தனிக் கம்பிகள் உள்ளன. எக்ஸ்ஆன்/எக்ஸ்ஆஃப் முறையில் இதே சைகை தரவோடு கலந்து போகிறது. படக்கோப்பில் அதே பைட் தற்செயலாக வந்தால் பரிமாற்றம் காரணம் தெரியாமல் நின்றுவிடும். கம்பிவழிச் சைகைக்கான கட்டளை ராக்வெல் சில்லுள்ள மோடத்தில் &கே3; யூ.எஸ். ரோபாட்டிக்ஸில் &எச்1. மற்றொருவருடைய நீண்ட தொடக்கக் கட்டளையை அப்படியே நகலெடுப்பது ஆபத்து என்பது இதனால்தான். ஏடி&எஃப் கொடுத்துத் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பி, வேண்டியதை மட்டும் மாற்றினால் போதும்.

மிச்சமெல்லாம் தொலைபேசிக் கம்பியின் கையில். வி.34 என்ற மோடத் தரம் இரு திசையிலும் 33,600 வரை போகும். 1998-இல் வந்த வி.90-இன் 56,000 இறக்கத்துக்கு மட்டும். அதுவும் இணையச் சேவையகம் தொலைபேசி நிலையத்தோடு டிஜிட்டலாக இணைந்திருந்தால்தான். இரைச்சலுள்ள கம்பியில் மோடம் உச்சவேகத்தைப் பிடிக்கும், பிழை பெருகும், வி.42 என்ற பிழைதிருத்த முறை கெட்ட பகுதியைத் திரும்பக் கேட்கும், கடைசியில் இரண்டு மோடங்களும் பேச்சை நிறுத்திவிட்டு மறுபடி இசைந்துகொள்ளச் சில நொடிகள் எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட இடத்தில் உச்ச வரம்பை 24,000-க்கு இறக்கினால் கோப்பு சீக்கிரம் வந்து சேரலாம். கால் வெயிட்டிங் ஒலியால் இணைப்பு அறுந்தால், அந்த வசதியை நிறுத்திவிட்டு டயல் செய்ய வேண்டும். முடியாவிட்டால் எஸ்10 பதிவேட்டின் எண்ணைக் கூட்டலாம். மறுமுனை மோடத்தின் அலை மறைந்தபின் எத்தனை பத்தில்-ஒரு-நொடி பொறுக்க வேண்டும் என்பதுதான் அந்த எண்.