ஆறுதலாக ஒரு மலைப்பயணம்

விடுமுறைக்குப் போய் வந்தவர்களைத் திங்கட்கிழமை காலையில் பார்த்திருக்கிறீர்களா? கண் சிவந்து, குரல் கம்மி, "இன்னும் இரண்டு நாள் லீவு கிடைத்தால் இந்தப் பயணக் களைப்பைத் தீர்த்துக்கொள்ளலாம்" என்று பெருமூச்சு விடுவார்கள். களைப்பைத் தீர்க்கவென்று புறப்பட்டவர்கள் களைப்பையே விலை கொடுத்து வாங்கி வருவது ஏன்? சென்ற வாரம் எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் நண்பர் ஒருவர், மலைநாட்டுப் பயணத்துக்குத் திட்டம் போட்டுத் தரும்படி என்னிடம் கேட்டார். மூன்று நாளில் ஏழு இடங்கள் பார்க்க வேண்டுமாம். அவருக்குச் சொன்னதையே இவ்வாரம் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். சொல்லும் தகுதி எனக்கு உண்டு. அதே தவற்றை முன்பு நானும் செய்தவன்.

2023ஆம் ஆண்டு சித்திரை விடுமுறையில் நான், மனைவி, பிள்ளைகள் இருவர், எழுபது வயதைத் தாண்டிய என் தாயார் ஆகிய ஐவரும் ஒரு வான் பிடித்துத் திருகோணமலையிலிருந்து புறப்பட்டோம். கண்டி, பேராதனைப் பூங்கா, நுவரெலியா, ஹக்கலை, ஹோட்டன் சமவெளி, எல்ல என்று நான் போட்ட பட்டியல் ஒரு முழுத்தாளை நிறைத்திருந்தது. றம்பொடை வளைவுகளில் சின்ன மகளுக்கு வாந்தி. நுவரெலியாவில் சித்திரைக் கொண்டாட்டக் கூட்டம். கால் வைக்க இடமில்லை. ஹோட்டன் சமவெளிக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பத்தரை மணி. தாயாரால் நெடுந்தூரம் நடக்க முடியாது. அவரை வானிலேயே இருத்திவிட்டு, நாங்கள் உலக முடிவைப் பார்க்க ஓட்டமும் நடையுமாகச் சென்றோம். அங்கே எங்களை எதிர்கொண்டது வெள்ளைச் சுவர் போன்ற மூடுபனி. திரும்பி வர நான்கு மணி நேரம் ஆயிற்று. தாயார் இரண்டு சேலைகளைப் போர்த்துக்கொண்டு குளிரில் ஒடுங்கியிருந்தார்.

வீடு வந்த அன்றிரவு அவர் சொன்னார்: "தம்பி, மலை எப்படி என்று அயல் வீட்டார் கேட்டால் நான் என்ன சொல்ல? வானின் கண்ணாடியையும் முன்னால் போன பஸ்ஸின் முதுகையும் தானே நான் பார்த்தேன்." குறையாகச் சொல்லவில்லை; சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆயினும் அவ்வார்த்தை என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஏனெனில் மலையைப் பார்க்க வேண்டுமென்று எங்களுள் முதலில் ஆசைப்பட்டவர் அவரே.

அந்த ஆசைக்கு ஒரு காரணமுண்டு. என் தாயார் வெருகல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். சித்திர வேலாயுத சுவாமி கோயிலடியில் ஓடும் வெருகல் ஆறு மகாவலி கங்கையின் ஒரு கிளை. அந்தக் கங்கை எங்கே பிறக்கிறது என்பதைக் கண்ணால் காண வேண்டுமென்பது அவரது இளமைக் கால விருப்பம். திருகோணமலையில் வாழும் நாம் கொட்டியாரக்குடாவில் மகாவலி கடலோடு கலப்பதை அறிவோம். 335 கிலோமீற்றர் ஓடி வரும் அந்நீரின் தொடக்கத்தை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

அத்தொடக்கங்களுள் முக்கியமானது ஹோட்டன் சமவெளி. கடல் மட்டத்துக்கு மேல் 2,100 மீற்றர் முதல் 2,300 மீற்றர் வரை உயர்ந்து கிடக்கும் இப்புல்வெளி, 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்த வில்மட் ஹோட்டனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சிங்கள மக்கள் அதனை மஹ எலிய என்பர். நாட்டின் இரண்டாவது உயர்ந்த சிகரமான கிரிகல்பொத்தையும் (2,395 மீற்றர்), மூன்றாவதான தொட்டுபொலை மலையும் (2,357 மீற்றர்) அங்கேயே உள்ளன. அங்கு பெய்யும் மழை மூன்று பங்காகப் பிரிகிறது. ஒரு பங்கு களனி கங்கையாகி மேற்கே கொழும்புக் கடலை அடைகிறது. மற்றொரு பங்கு வளவை கங்கையாகித் தெற்கே செல்கிறது. மூன்றாவது பங்கு அக்ரா ஓயாவாக இறங்கி, கொத்மலை ஓயாவோடு கூடி, மகாவலியாகி நம்மிடம் வருகிறது. நமது வயலில் விளைந்த நெல்லுக்கும் அந்த மலைமுகட்டு மூடுபனிக்கும் உறவு உண்டு என்றால் அது கற்பனையன்று.

இனித் திட்டத்துக்கு வருவோம். முதலில், காலம். சித்திரை மாதம் நுவரெலியாவில் திருவிழாக் கூட்டம். ஆவணியிலோ தென்மேற்குப் பருவக் காற்றும் மழையும் மலையை வாட்டும். தைப்பொங்கல் கழிந்த பின்னர் பங்குனி வரையுள்ள நாட்களே தகுந்தவை. அப்பொழுது வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும்; விடியற்காலைகளில் புல் நுனியில் உறைபனி வெள்ளை உப்பைத் தூவியது போலக் கிடக்கும். நீண்ட விடுமுறை இல்லையே என்று மயங்க வேண்டாம். வார இறுதியோடு இரண்டொரு நாள் லீவைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது, தூரம். திருகோணமலையிலிருந்து ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர். அங்கிருந்து நுவரெலியாவுக்கு மேலும் எழுபத்தைந்துக்கு மேல். ஒரே நாளில் ஓடி முடிக்கலாம். ஆனால் முடிந்து போவது நாமும்தான். முதல் இரவைக் கண்டியில் கழியுங்கள். கடல் மட்டத்தில் பழகிய உடம்பு படிப்படியாக உயரம் ஏறுவது நல்லது. இரத்த அழுத்தமோ இழுப்பு நோயோ உள்ள முதியோர் புறப்படுமுன் வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, தங்குமிடம். ஊருக்கு ஊர் படுக்கையை மாற்றாதீர்கள். நுவரெலியாவில் ஒரே விடுதியில் மூன்று இரவு தங்குங்கள். முதல் முழு நாளில் எங்கும் ஓட வேண்டாம். ஹக்கலைப் பூங்காவும், அதன் அருகே சீதா எலியவில் உள்ள சீதையம்மன் கோயிலும் ஒரு நாளுக்குப் போதும். ஹக்கலை 1861இல் கொய்னாவுக்காகச் சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய தோட்டம். இன்று ரோசாவும் பன்னங்களும் நிறைந்த பூங்கா. நடக்க இயலாதவர்களுக்கு நகரின் ஓரத்திலேயே கால்வேஸ் லாண்ட் என்னும் சிறிய தேசியப் பூங்கா இருக்கிறது. மரத்தடியில் அமர்ந்து மலைப் பறவைகளின் குரலைக் கேட்பதற்கு அதைவிட வசதியான இடம் இல்லை.

அடுத்த நாள் ஹோட்டன் சமவெளி. காலை ஆறு மணிக்கு வாயில் திறக்கும்போது நாம் அங்கே நிற்க வேண்டும். உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறை ஏறத்தாழ 870 மீற்றர் கீழே இறங்குகிறது. கோணேசர் மலையின் இராவணன் வெட்டைக் கண்டு பழகிய நமக்கே அது தலை சுற்றும் ஆழம். ஒன்பது, பத்து மணிக்குப் பின்னர் மூடுபனி ஏறிவிடுமாதலால் பிந்திப் போகிறவர்கள், 2023இல் நான் கண்ட வெள்ளைச் சுவரையே காண்பர். உலக முடிவையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் சுற்றி வரும் பாதை ஒன்பது கிலோமீற்றர் அளவில். மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். சப்பாத்து, கம்பளிச் சட்டை, மழைக்கவசம் ஆகிய மூன்றும் தவறக்கூடாது. உணவை வாழையிலையிலோ பாத்திரத்திலோ கட்டிக்கொள்ளுங்கள். பொலித்தீனை வாயிலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அது நியாயமே. மரைகள் அருகில் வந்தாலும் தின்பண்டம் நீட்டாதீர்கள். நாம் காட்டும் அன்பு அவற்றுக்கு நஞ்சாகும்.

வழியில் தேயிலைத் தோட்டங்களைக் கடப்பீர்கள். அங்கே கொழுந்து பறிக்கும் பெண்கள் காட்சிப் பொருள்கள் அல்லர். பெரும்பாலோர் நம் மொழி பேசுகிறவர்கள். வண்டிக்குள்ளிருந்து படம் பிடிப்பதை விடுத்து, இறங்கி நின்று சுகம் விசாரியுங்கள். லயத்து வீடுகளையும் அவர்களுடைய உழைப்பையும் பற்றிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு மறுமொழி சொல்லுங்கள். அதுவும் பயணத்தின் பயனே.

இத்திட்டப்படியே 2025ஆம் ஆண்டு மாசி மாதம் மறுபடியும் சென்றோம். விடுதிக்குக் கீழே ஒரு சிற்றோடை நானு ஓயாவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. நானு ஓயாவும் கொத்மலை வழியாக மகாவலியில் சேர்வதே. அதைக் கேட்டதும் தாயார் குனிந்து அந்நீரைத் தொட்டார். "இவ்வளவு குளிரா! வெருகலுக்கு வரும்போது எப்படிச் சூடேறிவிடுகிறது, பார்!" என்று குழந்தை போல வியந்தார். மறுநாள் சமவெளியில் மனைவியும் பிள்ளைகளும் நடந்து போக, நானும் தாயாரும் பழைய ஃபார் இன் விடுதிக்கு முன்னாலுள்ள புல்வெளி ஓரத்தில் அமர்ந்தோம். சூரியன் ஏற ஏற உறைபனி உருகியது. மரையொன்று இருபது அடி தூரத்தில் மேய்ந்தது. ஒரு மணி நேரம் நாங்கள் பேசவில்லை. நான் உலக முடிவை இன்றும் தெளிவாகப் பார்த்ததில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையுமில்லை.

இம்மலைக்காடு தானாகப் பிழைத்துக்கொண்டதன்று. கோப்பித் தோட்டங்கள் மலைகளை விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், 1873இல், தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடக்கூடாதென ஆணை பிறந்தது. ஆயினும் வேட்டைக்காரரின் துப்பாக்கி ஓயவில்லை. அங்கே திரிந்த யானைகள் அற்றுப்போயின. 1969இல் காப்பிடமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்ட இந்நிலம், 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு உலக மரபுரிமையாயிற்று. அதன் பரப்பு 3,160 ஹெக்டயர் மட்டுமே.

காடு பஞ்சு போன்றது. மழையை உறிஞ்சி மெல்ல மெல்ல விடும். 2025 கார்த்திகை இறுதியில் 'டித்வா' புயல் வந்தபோது மலைச்சரிவுகள் இடிந்து பல உயிர்கள் மடிந்ததையும், மகாவலியின் கடைமடையான நமது மூதூர்ப் பக்கத்தில் வெள்ளம் புகுந்ததையும் நாம் கண்டோம். அத்தகைய பெருமழையைக் காடு மட்டும் தடுத்துவிடாது என்பது உண்மை. ஆனால் மேலே நிகழ்வது கீழேயுள்ள நம் வாசலுக்கு வந்து சேரும் என்பதை அன்றைய வெள்ளம் தெளிவாகவே காட்டிற்று. ஆகையால் இப்போது மலைக்குப் புறப்படுவோர் பாதைகளும் புகையிரதமும் பூங்காவும் எந்நிலையில் உள்ளன என்பதை முன்கூட்டியே விசாரித்துச் செல்வது அவசியம்.

என் நண்பர் தம் பட்டியலை எடுத்து, பேனாவால் ஒவ்வொன்றாக வெட்டினார். ஏழு இடங்களில் மிஞ்சியவை இரண்டு. "வீட்டில் திட்டப்போகிறார்கள்" என்றார். "திரும்பி வந்த பிறகு திட்டுகிறார்களா என்று பாருங்கள்" என்றேன்.

என் தாயாரோ அடுத்த மாசிக்கென்று இப்போதே கம்பளியை எடுத்து வெயிலில் காயப் போட்டிருக்கிறார்.