உனக்குப் பிடித்தது வேகமா, வேடிக்கை பார்க்கிற சனமா?

எங்கட ஒழுங்கையைத் தாண்டி இரவு பத்து மணிக்குப் பிறகு ஒரு கார் போகும். முதலில் சத்தம் வரும், கார் பிறகுதான் வரும். சைலன்சர் மாற்றி, பின்னுக்கு ஒரு செட்டை பூட்டி, கண்ணாடி முழுக்க ஸ்ரிக்கர் ஒட்டின பழைய ஸ்போர்ட்ஸ் கார். அது போய் முடிய ஒழுங்கை நாய்கள் எல்லாம் குலைக்கும், அம்மம்மா நித்திரை குழம்பி எழும்பிக் குந்தியிருப்பா. அதே காரை ஒருநாள் பகலில் கராஜில் கண்டேன். முன் ரயர் இரண்டும் மொட்டை. சைலன்சருக்குக் காசு இருந்திருக்கிறது, ரயருக்கு இல்லை.

கேட்டால் "எனக்கு ஸ்பீட் எண்டா உயிர் மச்சான்" என்பார்கள். நான் நம்பவில்லை. இந்தக் கட்டுரையே அந்த ஒரு வசனத்துக்கு எதிரானதுதான்.

எனக்குக் காரும் இல்லை, லைசன்ஸும் இல்லை. கலைப்பீடத்தில் படிக்கிறவனுக்கு இதில் என்ன கதை என்று கேட்பீர்கள். அந்தக் கார் போகிற றோட்டில் சைக்கிளில் போகிறவன் நான். கதைக்க அது போதும்.

இங்கிலாந்தில் இருக்கிற பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணா, ஒரு பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருக்கிறார். இரண்டு பேர் மட்டும் இருக்கிற சின்னக் கார். அதைக் கொண்டு கென்ற் பக்கம் உள்ள பிராண்ட்ஸ் ஹட்ச் பந்தயத் திடலுக்கு முதல் தடவையாக 'ட்ராக் டே'க்குப் போனார். ட்ராக் டே பந்தயம் இல்லை. காசு கட்டி, சொந்தக் காரைத் திடலில் ஓட்டிப் பழகுகிற நாள். முதலாமிடம் இல்லை, கோப்பை இல்லை. சுற்றுக்கு எத்தனை செக்கன் என்று நேரம் பிடிக்கக்கூட அங்கே பொதுவாக விடமாட்டார்கள். வேடிக்கை பார்க்கச் சனமும் வராது.

அதற்கு முன் இரண்டு கிழமை அவர் வீடியோ அழைப்பில் காட்டினதெல்லாம் காருக்கு அடியில் படுத்திருந்த கோலம்தான். "என்ன அண்ணா, கலியாணத்துக்கா வெளிக்கிடுத்துறீங்கள்?" என்று நக்கலடித்தேன். பிறகுதான் ஒவ்வொன்றாகக் கேட்டு விளங்கிக்கொண்டேன்.

முதலாவது பிரேக் ஓயில். அது காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும். புது டொட் 4 ஓயில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரம். ஈரம் ஏறின பிறகு அந்தத் தரம் 155 பாகைக்கு இறங்கிவிடும். திடலில் திரும்பத் திரும்ப அழுத்திப் பிடிக்கும்போது பிரேக் சூடேறி ஓயில் கொதித்தால் உள்ளே ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. அந்த நேரம் மிதித்தால் மிதிகட்டை அடிமட்டும் போகும், கார் நிற்காது. ஒரு போத்தல் ஓயிலும் ஒரு மணித்தியால வேலையும்தான் வித்தியாசம்.

அடுத்தது பிரேக் பாட்டின் தடிப்பு. ரயரின் பூ, ரயர் ஓரத்தில் வெடிப்பு. சில்லு நட்டுகளை அளவு காட்டுகிற சாவியால் இறுக்கி, ஓடி வந்த பிறகு திரும்பவும் பார்ப்பது. ஓட ஓட ரயருக்குள் காற்றழுத்தம் ஏறும் என்பதால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அதை அளப்பது. வளைவில் ஓயில் ஒரு பக்கம் ஒதுங்கும் என்பதால் என்ஜின் ஓயிலை மேல் கோட்டுக்குக் கிட்ட வைத்திருப்பது. டிக்கியில் ஜக், மிதியடி, தண்ணீர்ப் போத்தல் ஒன்றும் மிஞ்சக்கூடாது. உருண்டு வந்த ஒரு போத்தல் பிரேக்குக்குக் கீழே சிக்கினால் அதோடு சரி.

இந்த வேலைகளில் ஒன்றாவது வெளியில் தெரியுமா? படம் எடுத்துப் போட்டால் லைக் விழுமா? எங்கட பெடியள் செலவழிக்கிறதெல்லாம் வெளியில் தெரிகிற சாமானுக்கு. கார் நிற்கிறதுக்குத் தேவையான எதுவும் வெளியில் தெரியாது.

சைலன்சர் கதைக்கு ஒரு நல்ல முடிவு இருக்கிறது. அங்கே பல திடல்களில் காலையிலேயே ஒவ்வொரு காரின் சத்தத்தையும் கருவி வைத்து அளப்பார்கள். அளவு தாண்டினால் ஓட விடமாட்டார்கள். எங்கட ஒழுங்கையில் ராசா மாதிரிப் போகிற கார், உண்மையான வேகத்துக்கு உரிய இடத்தில் வாசலோடு திரும்பியிருக்கும்.

கார் ஆயத்தமானால் போதாது, ஆளும் ஆயத்தமாக வேண்டும். முதல்நாள் வடிவாக நித்திரை. கை கால் மூடின உடுப்பு, மெல்லிய அடி உள்ள சப்பாத்து, ஹெல்மெட். விடிய விளக்கக் கூட்டத்துக்குப் போகாதவருக்கு ஓட அனுமதி இல்லை. மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு என்றால் எல்லாரும் வேகத்தைக் குறைத்துத் திரும்ப வேண்டும். நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது. முந்துவது ஒரு பக்கத்தால் மட்டும், அதுவும் முன்னால் போகிறவர் இடம் விட்டால்தான். முதல் சில சுற்றுகள் மெதுவாக, வழிகாட்டும் காருக்குப் பின்னால்.

பிறகு அண்ணாவுக்குப் பக்கத்தில் ஒரு பயிற்றுநர் ஏறியிருக்கிறார். பதினைந்து வருஷமாகக் கார் ஓடுகிறவருக்கு, பிரேக்கை வளைவுக்கு முன்பே நேராகப் பிடித்து முடி, முன் பொனட்டைப் பார்க்காதே, போகப்போகிற இடத்தைப் பார் என்று முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தாராம். "எனக்கு ஓடத் தெரியாது எண்டது அண்டைக்குத்தான் தெரிஞ்சது" என்றார் அண்ணா. எங்கட ஊரில் ஸ்ரியரிங் பிடித்த ஒருவன் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"திடலிலும் சாகினம்தானே" என்று ஒருவர் தியத்தலாவையை இழுப்பார். இழுக்கத்தான் வேணும். 2024 ஏப்ரல் 21 அன்று பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று பாதையை விட்டுப் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அது போட்டி, பாதைக்குக் கிட்டவே சனம் நின்றது. பந்தயத்துக்கென்று ஒதுக்கின இடத்திலேயே ஒரு கார் விலகினால் ஏழு உயிர் போகும் என்றால், ரியூசன் விட்டுப் பிள்ளைகள் வருகிற றோட்டில் என்ன நடக்கும்?

"எங்களுக்குத் திடல் எங்க இருக்கு?" என்பது நியாயமான கேள்வி. களுத்துறைப் பக்கம் கட்டுகுருந்த விமான ஓடுபாதையில் பந்தயம் நடந்திருக்கிறது. வடக்கிலிருந்து அங்கே கார் கொண்டுபோவது லேசில்லை. கிட்டவாக ஓர் இடம் வேண்டும் என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் பிரேக் ஓயில் மாற்றக் கட்டுகுருந்த தேவையில்லை. 2020இல் நிறுத்தின தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் திறந்தது. அதனால் இங்கே ஓடுகிற கார்களில் கனக்க வயதானவை. அவற்றுக்குத்தான் இந்தக் கவனிப்பு இன்னும் கூடத் தேவை.

போன வருஷம் பக்கத்து ஊரில் ஒரு பெடியன் இரவு ஓட்டத்தில் செத்தான். செத்த வீட்டில் கூட்டாளிமார் அவன் எவ்வளவு வேகமாக ஓடுவான் என்றுதான் கதைத்துக்கொண்டு நின்றார்கள். அவன்ர பிரேக் எப்படி இருந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அன்றைக்கு நானும் கேட்கவில்லை.

ஆகவே, இரவு பத்து மணிக் கார்க்காரருக்கு: வேகம் உயிர் என்றால் இந்தக் கிழமை கராஜுக்குப் போய் பிரேக் ஓயிலை மாற்றுங்கள், அந்த மொட்டை ரயர் இரண்டையும் கழற்றுங்கள். ஒருவரும் பார்க்கமாட்டார்கள், ஒருவரும் கைதட்டமாட்டார்கள். அதைச் செய்ய மனம் வரவில்லை என்றால் "ஸ்பீட் எண்டா உயிர்" என்று இனிச் சொல்லாதேயுங்கோ.