அடிக்கடி சிவக்கும் குதிரைக் கண்

கொடைக்கானல் மலையில் சுமைக் குதிரை வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: ஒரு கண் அடிக்கடி சிவந்து நீர் வடிகிறது, பிறகு தானே தணிகிறது. இப்போது பூ விழுந்தது போலிருக்கிறது. பார்வை போய்விடுமா?

பதில்: இது கண்ணின் உள் அழற்சியாக இருக்கலாம். சிவப்பு தணிந்தாலும் உள்ளே சேதம் தொடரும். கவனிக்காவிட்டால் பார்வை போகும். கண்ணைச் சுருக்கும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டவும். மீதமிருந்த பழைய சொட்டு மருந்தைப் போடக் கூடாது. கருவிழியில் புண் இருந்தால் ஸ்டீராய்டு மருந்து கண்ணையே கெடுத்துவிடும். இலைச்சாறும் பிழிய வேண்டாம்.

நிழலில் கட்டவும், ஈ மொய்க்காமல் முகத்துக்கு வலை போடவும். எலிக்காய்ச்சல் கிருமியும் ஒரு காரணம் என்பதால் தீவனத்தை எலி அண்டாமல் மூடி, தேங்கிய நீரைக் குடிக்க விடாமல் பார்க்கவும்.

பார்வை குறைந்த பக்கம் போகும்போது குரல் கொடுத்தபடி செல்லவும். கண் தெளியும்வரை செங்குத்துப் பாதையில் சுமை ஏற்ற வேண்டாம்.